பத்தடி தள்ளி நிற்கிற செவலை

மச்சான்,

உன் தோல்பை என் மேசைமேல் இருக்கிறது. உன் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, உன் வீட்டுக்காரி கதவோரம் நின்று அதை உன் தம்பி கையில் கொடுத்தனுப்பினாள். "இத மாப்ளகிட்ட குடுத்துருன்னு சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாக, அண்ணே" என்றாள். நீ வேறு ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம்.

மூன்று நாளாக வீடு முழுக்க உப்புக்கண்ட வாசனை. என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அந்தப் பைய வெளிய வைங்க, தெருப் பூனையெல்லாம் வாசல்ல நிக்கிது" என்கிறாள். நான் காது கேட்காதவன் மாதிரி இருக்கிறேன். நம் நாய் செவலைக்குக் கறிக்கண்டம் எறிய நீ இடுப்பில் கட்டியிருந்த பை இது. இதை எனக்கு ஏன் அனுப்பினாய்? நாயைப் பார்த்துக்கொள் என்றா? இல்லை, நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யை ஞாபகப்படுத்தவா? உனக்கு அது தெரியுமா தெரியாதா என்பதே எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆள் இருந்தால் நேரில் கேட்டுவிடலாம். இருந்தபோது கேட்கத் துணிச்சல் இல்லை, அது வேறு விஷயம்.

பேகம்பூரில் உனக்குத் தோல் மண்டி, மார்க்கெட்டில் எனக்குப் பூக்கடை. நாம் சேர்ந்து நடந்தால் டீக்கடையில் இருப்பவர்கள், "நாறுறவரும் மணக்கிறவரும் வாராக" என்பார்கள். அய்யலூர்ப் பக்கமிருந்து தோல் ஏற்றி வந்த வண்டியில், கட்டுகளுக்கு நடுவே ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. வண்டிக்காரர் அதைக் காலால் தள்ளப் போனார். "இருக்கட்டும், மண்டிக் காவலுக்கு ஆகும்" என்றாய். செவலை நிறம், அதனால் செவலை. அதற்குமேல் யோசித்துப் பெயர் வைக்க நம் இருவருக்கும் பொறுமை இல்லை.

நாயைப் பழக்குவது என்றால் எங்களுக்கெல்லாம் கம்புதான் தெரியும். வண்டிக்காரர்கூட, "அடியாத மாடு படியாது பாய்" என்றார். "மாட்டுக்குச் சொன்னத மாட்டுகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்த்தாய். வேலை என்ன வேலை, வீட்டு உப்புக்கண்டத்தை உப்புப் போகக் கழுவி, மறுபடி காயவைத்து, பட்டாணி அளவுக்கு நறுக்குவது. அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம். "மனுசன் ரேசன் கடையில நிக்கிறான், இவரு நாய்க்குக் கண்டம் எறியிறாரு" என்று உன் அத்தா சத்தம் போட்டது தெருமுனை வரை கேட்டது. நீ சிரித்துக்கொண்டே நறுக்கினாய்.

சீட்டி அடிப்பாய். குட்டி திரும்பிப் பார்க்கும். பார்த்த அந்தக் கணமே ஒரு துண்டு அதன் முன்னால் விழும். முதலில் மூன்றடி தூரத்திலிருந்து, பிறகு பத்தடி, பிறகு மண்டி முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து. கையால் கொடுக்க மாட்டாய். எச்சில் பட்டால் தொழுகைக்குக் கழுவ வேண்டும், தோல் வேலைக்கு நடுவில் ஓயாமல் கழுவ முடியாது, அதனால் எறிவாய். எனக்கோ நேர்மாறு. நாய் நக்கினால் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் சாமிக்குப் போகும் பூவைத் தொடுகிற கையால் கறியைத் தொடமாட்டேன். ஆகவே நீ எறிந்தாய், நான் தடவிக்கொடுத்தேன். ஒரு நாய்க்குப் பரிசு கொடுக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது திண்டுக்கல்லிலேயே நமக்கு மட்டும்தான் இருக்கும்.

உன் சட்டம் இரண்டே இரண்டு. "சீட்டி அடிச்சா அது வாயில ஏதாச்சும் விழணும். இல்லேன்னா சீட்டியே அடிக்காத." இது முதலாவது. இரண்டாவதை ஒரு தடவைதான் சொன்னாய். "கூப்பிட்டு வந்த நாய அடிச்சிறாத மாப்ள. அடுத்த தடவ பாதி வழியில நின்னு யோசிக்கும்."

இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டபோது, சிறுமலைத் தோட்டத்துத் துரையிடம் சமையல் வேலை பார்த்தவர் சொன்னார் என்றாய். இன்னொரு நாள், மலைக்கோட்டை அடியில் கூடாரம் போட்ட சர்க்கஸ்காரன் என்றாய். வேறொரு நாள், ஒன்றும் கேட்காதபோது, "எங்க அத்தா என்னைய அடிச்ச அடியிலதான் மாப்ள கத்துக்கிட்டேன்" என்றாய். மூன்றில் எது உண்மை? கடைசியாகச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. அதனால் அதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

உனக்கு ஆசையெல்லாம் நாயோடு நடப்பதில்தான். ஓய்வு கிடைத்தால் சிறுமலை அடிவாரம், இல்லாவிட்டால் ரயில் பாதையோரம். "எதுக்குப் போறீக?" என்று வழியில் கேட்பார்கள். வேட்டைக்கு என்றால் புரியும், வரப்புக் காவல் என்றால் புரியும். "சும்மாத்தான்" என்பாய். அந்தப் பதிலைக் கேட்டவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ.

சும்மா நடப்பதற்கே செவலையை நீ எத்தனை பாடுபட்டுத் தயாராக்கினாய். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு அதைக் கூட்டிப்போனோம். முதல் வாரம் சந்தைக்கு வெளியே, ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்கிற தூரத்தில். அடுத்த வாரம் புளியமரம் வரைக்கும். மூன்றாவது மாதம் அது ஆட்டுக்கால்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்தது. "வெள்ளாட்டுக்குட்டி அதோட மூக்கை நக்குது, சும்மா கெடக்கு பாருங்க" என்று ஒரு வியாபாரி நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். நீ ஒன்றுமே செய்யாதவன் போல நின்றாய். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

அந்தத் தை மாதம் நான் பழனிக்கு மாலை போட்டிருந்தேன். "ஆயக்குடியில எனக்கு ஒரு சோலி இருக்கு, அம்புட்டுத் தூரமும் நானும் வாரேன், செவலையும் வரட்டும்" என்றாய். சோலி ஒன்றும் இல்லை, கொய்யாப்பழம் தின்பதுதான் சோலி என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாள் நடந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நடந்ததில்லை. செவலை முன்னால் ஓடும், நீ சீட்டி அடிப்பாய், திரும்பி வந்து வாங்கித் தின்றுவிட்டு மறுபடி ஓடும்.

ஒட்டன்சத்திரம் தாண்டி, ஒரு வாய்க்கால் மதகில் பிற்பகல் அசர் தொழுகைக்கு நின்றாய். பையின் வாயை முடிந்து, இடுப்பிலிருந்து அவிழ்த்து என்னிடம் நீட்டினாய். "மாலை போட்டிருக்கேன் மச்சான்" என்றேன். "சரி, கட்ட வேண்டாம், பக்கத்தில இருக்கட்டும்" என்று மதகுக் கல்லில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாய்.

செத்த நேரத்தில் ஒரு வெள்ளாட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. ஒரு குட்டி துள்ளியது. செவலை பாய்ந்துவிட்டது. மேய்க்கிற அம்மாள் தொரட்டிக் கம்பை ஓங்கியதைப் பார்த்தேன், அந்தக் கம்பு விழுந்தால் நாய் பிழைக்காது. சீட்டி அடித்தேன். மச்சான், செவலை நின்றது. குட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்று, திரும்பி, நேராக என்னிடம் ஓடிவந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்தது. உன் அத்தனை மாத உழைப்பும் அந்த ஓட்டத்தில் இருந்தது.

பை ஒரு முழத் தொலைவில் இருந்தது. நான் மாலையைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். அதற்குள் அந்த அம்மாள் வந்துவிட்டார். "ஏனுங்க, சாமிக்கு மாலை போட்டவுங்க, நாயை இப்பிடி அவுத்து உடுவீங்களா? குட்டியக் கடிச்சிருந்தா ஆருங்க பதில் சொல்றது? ரெண்டு போடுங்க, அப்பத்தான் அதுக்குப் புத்தி வரும்" என்று கம்பை என் கையில் திணித்தார். நடந்துபோன பக்தர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அடித்தேன். ஒன்றல்ல, இரண்டு. செவலை கத்தவில்லை. நகரவும் இல்லை. இரண்டாவது அடிக்குப் பிறகும் என் கையைத்தான் பார்த்தது.

தொழுதுவிட்டு வந்து, மந்தை போவதைப் பார்த்துவிட்டு, "கூப்பிட்டியா?" என்றாய்.

"கூப்பிட்டேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"குடுத்தியா?"

தலையை ஆட்டினேன். கறியைத் தொட்டால் விரதம் கெடும் என்று பயந்தவன், மாலையோடு பொய் சொன்னேன். நீ பையை எடுத்தாய், ஒரு கணம் பார்த்தாய், இடுப்பில் கட்டிக்கொண்டாய். ஆயக்குடியில் எனக்கும் சேர்த்துக் கொய்யாப்பழம் வாங்கினாய்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, என் சீட்டிக்குச் செவலை வரும், பத்தடியில் நின்றுவிடும். அதற்குமேல் ஓர் அடி எடுத்துவைக்காது. உன்னிடம் எப்போதும்போல ஓடிவந்தது. நீ அதைப் பார்த்தாய். மாலை கழற்றியதும் பையை என்னிடம் தந்து, "நீயே எறிஞ்சு பாரு" என்றாய். பூவையும் கறியையும் சாக்குச் சொல்லி மறுத்தேன். ஒரு நாள், "ஒன் சீட்டி மாறிப் போச்சோ மாப்ள?" என்று கேட்டாய். பல்லு வலி என்றேன். நீ மேலே கேட்கவில்லை. நாலு வருஷம் கேட்கவில்லை. பிறகு காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாய்.

தொழுகையில் நீ மேற்கே பார்த்து நின்றாய். நாங்கள் நின்றது உனக்கு முன்னாலா, பின்னாலா? எத்தனையோ தடவை மனசுக்குள் அந்த மதகை வரைந்து பார்த்துவிட்டேன். ஒரு நாள் முன்னால் வருகிறது, ஒரு நாள் பின்னால் வருகிறது. பின்னால்தான் என்று வைத்துக்கொண்டு இத்தனை காலம் தூங்கினேன்.

இன்று காலை பையை எடுத்து அதன் வாய் முடிச்சைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மண்டியில் தோல்கட்டுக்குப் போடுகிற முடிச்சு. நீ போட்டால் வாரின் நுனி உள்ளே போய் மறைந்துவிடும். நான் எத்தனை தடவை முயன்றாலும் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். "எலிவால் முடிச்சு" என்று மண்டி ஆட்களிடம் காட்டிச் சிரிப்பாயே. மதகுக் கல்லிலிருந்து பையை எடுத்தபோது அதில் எலிவால் இல்லை. நீ போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று நீ அந்த ஒரு கணத்திலேயே தெரிந்துகொண்டாய். அடித்ததையும் செவலை பத்தடியில் நின்று உனக்குச் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை? நாயை அடிக்காதவன் என்னையும் அடிக்க வேண்டாம் என்று விட்டாயா? நானே வருவேன் என்று காத்திருந்தாயா? இல்லை, இவன் இவ்வளவுதான் என்று கைகழுவிவிட்டாயா? கைகழுவினவன் பையை எனக்கு அனுப்புவானா? ஒன்றை நினைத்தால் இன்னொன்று இடிக்கிறது. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நான் பத்தடி தள்ளியே நின்றுவிட்டேன், மச்சான். அடித்தேன். பொய் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன் ஞாபகம் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் மண்டிக்குப் போனேன். உன் தம்பி அதைப் பூட்டிவிட்டான். செவலை பூட்டிய கதவடியில் கிடக்கிறது, யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. "நாய் பிடிக்கிற வண்டி இந்த வாரம் வருதாம்ணே. ஒங்க கூட வந்தாக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றான். எதிர்ச் சுவரோரம் நின்று சீட்டி அடித்தேன். தலையைத் தூக்கியது. எழுந்தது. வந்தது. பத்தடியில் நின்றது.

பையை அவிழ்க்க வேண்டும். அது நீ கடைசியாகப் போட்ட முடிச்சு, அவிழ்த்தால் மறுபடி யாராலும் அப்படிப் போட முடியாது. செவலை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது, அன்றைக்கு மதகில் பார்த்த அதே பார்வை. அவிழ்த்தேன். ஒரு துண்டு எடுத்து, நீ எறிகிற மாதிரி எறிந்தேன். தின்றது. இன்னொன்றை எட்டடியில் போட்டேன், பிறகு ஆறடியில். இருட்டுவதற்குள் என் முழங்காலருகே வந்து பையை மோந்தது. என்னை நம்பி வந்ததா, உன் வாசனையைத் தேடி வந்ததா, தெரியவில்லை. தடவிக்கொடுத்தேன். நகரவில்லை. வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தது.

இப்போது என் வாசலில் படுத்திருக்கிறது. நாளைக்குப் பூக்கடைக்கும் பையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி. முடிச்சை நானே போட்டேன். எலிவால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நீ பார்த்தால் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது. இந்தத் தடவை கொடுத்தேன், மச்சான்.