என் படம் போட்ட முறுக்குப் பொட்டலம்

என் மகள் ஷாமளாவுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே திகாம் பத்துவில் எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, அங்கே ஜோகூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, காலையில் கோப்பிக்கடைக்கு நடந்தே போய் வருகிறார். மழை விடாததால் அரிசி காயப்போட முடியவில்லை. நான் அழைத்தால் நீ போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன வாரம் ஜித்ராவில் குணவதி அக்கா மகள் கல்யாணம். வந்தவர்களுக்குக் கொடுக்க, நான் சுட நீ நடத்தும் நம் ஆன்லைன் கடையில் முறுக்கு வாங்கியிருந்தார்கள், பொட்டலத்துக்குப் பொட்டலம் என் படம், நீ எடுத்த அந்தச் சிவப்புச் சேலைப் படம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. குணவதி அக்கா என்னைத் தனியே இழுத்து, என்னா அம்சா, யாவாரம் பெருசானதும் கைப்பக்குவம் போச்சா என்று கேட்டாள். ஒன்றைக் கடித்தேன். ஓமம் இல்லை, பழைய எண்ணெய் வாடை, எல்லாம் மெஷின் சுற்று. அத்தனை பேர் கையிலும் என் முகம் இருக்க, நான் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன் சொல்.

பெரிய ஆர்டரெல்லாம் நானே இங்க சுட்டுக்கிறேன்மா, உங்க அச்சைக் கொடுங்க என்று தீபாவளிக்கு வந்தபோது கேட்டாய். என் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அச்சு, யாரையும் தொட விட்டதில்லை, உனக்குக் கொடுத்தேன். என் மகளுக்குக் கை வந்துவிட்டது என்று கோயிலில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். நேற்று மாப்பிள்ளை காளிதாசன்தான் போனை எடுத்து உண்மையைச் சொன்னார். ஆர்டர் ஏற ஏற நஷ்டமும் ஏறியதாம், அதனால் பேக்டரி முறுக்கை வாங்கி என் படத்தை ஒட்டி விற்கிறாயாம். நஷ்டத்துக்குக் காரணமே நான்தானாம். இங்கிருந்து நான் அனுப்பும் சின்ன ஆர்டர்களில் நிறுத்துப் போட்ட பிறகும் எஸ்டேட் வழக்கப்படி மேலே ஒரு பிடி கொசுறு போடுவேன் அல்லவா, அதில் பார்சல் ஒரு கிலோவைத் தாண்டித் தபால் காசு கூடிவிடுமாம், டெலிவரி இலவசம் என்று நீ போட்டிருந்ததால் அது உன் தலையில் விழுமாம். இது எனக்கு எப்படியடி தெரியும்? கொசுறு வேணாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போட மாட்டேனா? கடையை மூடு என்றிருந்தால்கூட மூடியிருப்பேனே. அம்மா மனசு நோகும்லா, அதான் சொல்லலை என்றாயாம். இப்போது மட்டும் நோகவில்லையா? ஊரான் ஏமாற்றினால் திட்டித் தீர்த்துவிடலாம், பெற்ற மகள் ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்றைக்கே என் படத்தை எடுத்துவிடு. குணவதி அக்காவுக்கு ஒரு டின் முறுக்கு நானே சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். நஷ்டத்தில் பட்ட கடனை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்காதே, பிள்ளைகளை அடிக்காதே.

எவ்வளவு கோபத்திலும் உன்னைச் சபிக்க எனக்கு வாய் வராது, மாரியாத்தா உன் குடும்பத்தைக் காப்பாற்றட்டும். மறக்காமல் அச்சை மாப்பிள்ளை வடக்கே வரும்போது கொடுத்தனுப்பு. கழுவித் துடைக்காதே, அப்படியே அனுப்பு. அதில் ஒரு தடவையாவது மாவு ஒட்டியிருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
அம்சவள்ளி