போன வருஷ சைஸ் பட்டியல்

மாசி 9, சனிக்கிழமை

கம்பெனி ஆண்டு விழாவுக்கு இன்று எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்தார்கள். ஸ்டோர்கீப்பர் பழனிச்சாமி போன வருஷ சைஸ் பட்டியலையே வைத்துக்கொண்டு, எனக்கு த்ரீ எக்ஸெல் நீட்டினார்.

"எனக்கு எல் சைஸ் குடுங்க" என்றேன்.

"விளையாடாதீங்கக்கா."

எல் சைஸையே கேட்டு வாங்கிச் சுடிதாருக்கு மேலேயே போட்டேன். சரசரவென்று இறங்கிவிட்டது. என்னோடு வேலை செய்யும் செக்கிங் டேபிள் மொத்தமும் கைதட்டியது.

அடுத்து நின்றவள் பேக்கிங் செக்‌ஷன் சாந்தாமணி. போன வருஷம் டி.வி. எடைக்குறைப்புப் போட்டியில் வெறும் ஜூஸும் ஓட்டமுமாக மூன்றே மாதத்தில் பாதியாகிக் கோப்பையோடு வந்தவள். கேன்டீனில் என் முட்டையையும் பீன்ஸ் பொரியலையும் ஒரு கரண்டிச் சோற்றையும் பார்த்து, "இப்படித் தின்னா எந்தக் காலத்துலீங்கக்கா இளைக்கறது?" என்று சிரித்தவளும் அவள்தான். பட்டியலில் அவளுக்கு எம். இன்று அது தோளைத் தாண்டவில்லை.

அந்தச் சிரிப்புக்கு ஒரு பதிலை வருஷம் முழுக்க மனசுக்குள் வைத்திருந்தேன். சொல்லவில்லை. என் பழைய சைஸான அந்த த்ரீ எக்ஸெல்லை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

"போட்டி முடிஞ்சதும் வாயைக் கட்ட முடியலீங்கக்கா. திங்கக்கெழம உங்ககூட உக்காந்து சாப்படட்டுங்களா?"

"வா கண்ணு" என்றேன். பெரிய மனசு என்று நினைத்திருப்பாள். ஜெயித்த திமிர் அது, எனக்குத் தெரியும்.

டி-ஷர்ட்டை இன்னும் கழற்றவில்லை. நெஞ்சில் ஒட்டியிருக்கும் 'எல்' ஸ்டிக்கரையும் கிழிக்கவில்லை. இப்படியேதான் தூங்கப் போகிறேன்.