மதகுகிட்டயே திரும்பிவிடுகிறாயாமே

என் மூத்தவனுக்கு,

முதுகு வலியால் இவ்வளவு தூரம் வர முடியவில்லை என்று போனில் சொன்னாய். நானும் தைலம் தேய்க்கச் சொன்னேன்.

ஞாயிறுதோறும் தடித்த டயர் சைக்கிள்காரர்கள் என் வீட்டுக்குப் பின்னாலுள்ள பழைய கால்வாய்க் கரையில் வருகிறார்கள். சரளைக்கல்லில் குலுங்கிக் குலுங்கி வந்து என் குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள். போன வாரம் அவர்களில் ஒரு பல் டாக்டர் சொன்னார்:

"எங்க கூட்டத்துல ஒருத்தர் மட்டும் இந்தப் பக்கம் வரமாட்டாரு பாட்டி. மதகுகிட்டயே லாரி ரோட்டுல ஏறிடுவாரு. அப்புறம் காட்டுப் பாதையில வந்து சேந்துக்குவாரு."

"ஏனாம்?"

"இந்தக் கல்லு டயருக்கு ஆகாதாம். ஆத்தோரப் பாறையில மட்டும் பறப்பாரு. அவர் பொண்ணும் இப்ப நல்லா ஓட்டுதாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு படம் காட்டினார். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாலும் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாதா? யாரோ என்று சொல்லிவிட்டேன். பேத்தி சைக்கிள் ஓட்டுவது ஊராருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

உன் பெண்டாட்டியை வாசலில் நிறுத்தி நான் சொன்னதை நீ மறக்கவில்லை. நானும்தான் மறக்கவில்லை. அஞ்சாவதோடு நின்றவள் என்றாலும் மன்னிப்பு என்று எழுதத் தெரியும். கை வரவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கதவைச் சாத்திக்கொண்டு முன்னறையில் இருப்பேன். குழாய் வெளியேதான் இருக்கிறது. லாரி ரோட்டில் ஏறாதே. கரையோடே போ. நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்