எர்த் குழிக்கு இனித் தண்ணீர் இல்லை

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் வரவில்லை.

பங்குனி திரும்பவும் வந்துவிட்டது. இண்டூரில் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போய்விட்டன. மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லாரும் மோட்டாரைப் போடுகிறார்கள். நம் வீட்டு பல்பு சிவந்து சுருங்குகிறது. உங்கள் கம்ப்யூட்டர் நீங்கள் போன நாளிலிருந்து போர்வைக்குள் கிடக்கிறது.

பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியல் அடித்துக் கொடுக்க அதை வாங்கும்போதே நான் சிறியதைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? "வாங்கறது வாங்கறோம், பெருசாவே இருக்கட்டும் புள்ள. எல்லா ஸ்கூல் மார்க்கும் ஒரே டப்பாவுல அடங்கிடும்" என்றீர்கள். அடங்கியது. ஆனால் அதன் பசிக்கு வீட்டு லைன் போதவில்லை. மோட்டார் ஷெட்டிலிருந்து ஒரு கம்பி இழுத்தீர்கள். கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி ஷெட்டில் கிடையாது. குழி தோண்டி மண்ணில் இறக்கிய எர்த் குழாயை அதற்குப் பதிலாகக் கட்டினீர்கள். இந்தப் பக்கம் யார்தான் அப்படிச் செய்யவில்லை? கோடையில் மண் காய்ந்தால் அந்தக் குழிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் ஊரறிந்த வைத்தியம்தான்.

நீங்கள் போன அன்றும் திரை மங்கியது. அணைத்தால் அடித்த மார்க் போய்விடும் என்று, மெஷினை ஓடவிட்டே இரும்பு வாளியோடு வெறுங்காலில் போனீர்கள். காய்ந்த மண்ணில் இறங்க வழியில்லாத மின்சாரம் குழாயிலேயே நின்றிருக்கிறது. ஊற்றக் குனிந்தபோது கை அதில் பட்டிருக்கிறது. உங்கள் வழியாக அது மண்ணில் இறங்கியிருக்கிறது.

உள்ளே, என் எதிரில், திரை பளிச்சென்று தெளிந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையின் மார்க்கை அடித்தேன்.

போன வாரம் உங்கள் தம்பி சண்முகம் அதே கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பரீட்சை முடியப்போகிறது, பள்ளிக்கூடங்கள் ஆள் அனுப்புகின்றன. இந்த வேலையும் போனால் அண்ணிக்கு வேறென்ன இருக்கிறது என்று அவருக்குக் கவலை.

"செருப்பு போட்டுக்கிட்டு ஊத்துனா ஒன்னும் ஆவாதுங்க அண்ணி. நானே ஊத்தறனுங்க."

"அப்ப உங்க அண்ணன் செருப்பு போடாததாலதான் செத்தாரா தம்பி?"

கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

வேறு கம்ப்யூட்டர் பார்க்க இருவரும் பெங்களூர் போனோம். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மின்னோட்டம் அளக்கும் கருவியை இரவல் வாங்கிப் போயிருந்தேன். கடைக்காரர் வேகத்தைச் சொன்னார், கலர் திரையைச் சொன்னார். நான் ஒவ்வொரு மெஷினும் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். "ஏம்மா, நீங்க கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, ரீடிங் எடுக்க வந்தீங்களா?" என்று சிரித்தார். சண்முகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

இருந்ததிலேயே குறைவாக இழுப்பதை எடுத்தேன். ஹார்டு டிஸ்க் இல்லை, விசிறி இல்லை, சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை. வீட்டு லைன் நன்றாக இருக்கும்போது ஒரு லாரி பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்கிறேன். பகலெல்லாம் இன்வெர்ட்டர் வழியாக அதிலேயே ஓடுகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் பிளாப்பியை மாற்றிப் போட வேண்டும். அது படித்து முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் நினைப்பில் நீங்கள்தான்.

இவ்வளவு சின்னது போதுமாக இருந்ததா நமக்கு?

சண்முகம் அந்தக் கம்பியைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டார். குழாயைத்தான் பிடுங்க முடியவில்லை, மண் இறுகிவிட்டது. அதன்மேல் முள் வெட்டிப் போட்டிருக்கிறோம். மழையைத் தவிர வேறு தண்ணீர் அங்கே விழாமல் பார்த்துக்கொள்வேன். திரை மங்கினால் அணைத்துவிடுவேன். அடித்த மார்க் போனால் போகட்டும், திரும்ப அடிக்கலாம்.

உங்கள் வூட்டுக்காரி