லாரி போற மாதிரி

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். மாமி இறந்த ஏழாம் நாள் பாத்திஹா நேற்று ஓதியாயிற்று. போனில் நீங்கள் அழுதபோது சொல்லாததை இதில் எழுதுகிறேன்.

அங்கே நீங்கள் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றில் வரும் உப்புத் தண்ணீரைத் திரும்பப் பூமிக்குள் அழுத்துவதால் அடிக்கடி நிலம் நடுங்குவதைச் சொல்லி, "லாரி போற மாதிரிதான், நாங்க எந்திரிக்கவே மாட்டோம்" என்று சிரிப்பீர்களே.

போன வாரம் பாண்டிச்சேரி ஆடியபோது பெரிய மார்க்கெட்டே தெருவுக்கு ஓடிவந்தது. மாமியும் பதறி எழுந்தார். நான்தான், "உங்க புள்ள அங்க தெனம் பாக்குறதுதான் மாமி, பேசாம படுங்க" என்று படுக்கவைத்துவிட்டு, பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்குப் போனேன். அதற்குள் கட்டிலோரச் சுவர் மாமி மேல் சரிந்துவிட்டது.

சிரித்ததற்காக உங்களைக் குறை சொல்லவில்லை; நம்பியது நான். ஆனால் இனி அங்கே நிலம் நடுங்கினால், யார் சிரித்தாலும் சரி, எழுந்து வெளியே ஓடிவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகளோடு,
நான்