பாலூட்டப் போனவள்

வேலூர்க் கோட்டை, துரைமார் குடியிருப்பு
6 மார்ச் 1887

என் வீட்டுக்காரருக்கு ஆரோக்கியமேரி எழுதுவது. மாதா தயவில் சுகமாக இருக்கிறேன். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்த உங்கள் கை ஆறியதா?

நம் மகள் சந்தானத்தை உங்கள் அக்காவிடம் விட்டுவிட்டு, கேப்டன் துரையின் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேனே, இது என்ன நெஞ்சோ. துரைசானி தினமும் வாசனை சோப்பும் வெள்ளைச் சேலையும் தருகிறாள். ஆனால் புருஷன் வரக்கூடாதாம், சொந்தப் பிள்ளையைத் தொடக்கூடாதாம், பால் கெட்டுப்போகுமாம். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஆரோக்கியமேரி


ஆம்பூர்
15 மார்ச் 1887

அன்புள்ள ஆரோக்கியத்துக்கு,

கை ஆறிவிட்டது, தோல் ஷாப்புக்குப் போகிறேன். இனி கூலி வரும், நீ அங்கே இருக்க வேண்டியதில்லை. பிள்ளை அக்காவின் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. துரைசானியின் சட்டம் கிடக்கட்டும். வரும் ஞாயிறு பிள்ளையைத் தூக்கி வருகிறேன், அகழிப் பாலத்துக்கு வா.

உன் தேவசகாயம்


கோட்டை
22 மார்ச் 1887

என் வீட்டுக்காரருக்கு,

பாலத்தில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கை நீட்டியதும் பிள்ளை மூக்கைச் சுளித்து உங்கள் தோளில் ஒட்டிக்கொண்டாள். "சோப்பு வாசனைடி, பழகிடுவா, பேஜார் ஆவாத" என்றீர்கள். எத்தனை குளித்தாலும் போகாத உங்கள் தோல் ஷாப்பு நாற்றம்தான் அவளுக்குப் பிடிக்கிறது. உங்கள்மேல் கோபம், அவள்மேலும் கோபம்.

காவல் சிப்பாய் கோள் சொல்லிவிட்டான். துரைசானி திட்டவில்லை. பட்டாளம் பர்மாவுக்குப் போகிறதாம், கூட வா என்கிறாள். அவள் பிள்ளையாவது என்னைக் கண்டால் சிரிக்கிறது. போகட்டுமா?

ஆரோக்கியமேரி


ஆம்பூர்
27 மார்ச் 1887

ஆரோக்கியம்,

உன் இஷ்டம் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். போகாதே, வந்துவிடு. ஒன்றை மறைக்க மாட்டேன். பிள்ளை இப்போது அக்காவை அம்மா என்கிறாள். "நான் அத்தைடி, உங்கம்மா கோட்டையில கீறா" என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

தேவசகாயம்


கோட்டை
2 ஏப்ரல் 1887

என் வீட்டுக்காரருக்கு,

துரைசானியிடம் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளைக்குப் புட்டிப்பால் பழக்குகிறேன். அது என்னைத் தேடி அழும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை ரயிலுக்கு வந்துவிடுவேன்.

அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். சந்தானம் அவர்களை அம்மா என்றே கூப்பிடட்டும், யாரும் திருத்தாதீர்கள். என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்று, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஆரோக்கியமேரி