முக்காலியைத் தேடாதே

வடிவு,

நீ குழாயடியில வரிசையில நிக்கிறே, நான் கடைக்குக் கிளம்பறேன். பழையதைச் சாப்பிட்டுட்டேன். சமையல்கட்டு முக்காலியைத் தேடாதே. முந்தாநாளே கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்.

பாண்டி பஜார் வேலையை விட்டதுலேருந்து நீ என்கூடப் பேசறதில்ல. மாசாமாசம் சம்பளம் வந்துச்சு, இல்லேங்கல. ஆனா அந்த ஜவுளிக்கடையில காலையிலேருந்து கடை சாத்தற வரைக்கும் வேலைக்காரன் உட்காரவே கூடாது. என் கால் வீங்கினதுக்கு நீதான் வெந்நீர் ஊத்தினே. தீபாவளி சமயத்துல ராத்திரி வேலை முடிஞ்சு வந்து, கதவைத் திறந்த உன்னையே பார்த்து, "வாங்கம்மா, பட்டா, நூல் சேலையா?"ன்னு கேட்டேனே. நீ சிரிச்சே. எனக்கு பயமாப் போச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

மயிலாப்பூர்ல இப்ப போட்டிருக்கிற ரவிக்கைத் துணிக் கடை சின்னதுதான். ஆனா அங்கே என்னை அதட்ட ஆள் இல்ல.

மத்தியானச் சாப்பாட்டை யார்கிட்டயும் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா.

பின்குறிப்பு: நேத்து கடையில ஈ காக்கா இல்ல. முக்காலி பக்கத்துலயேதான் கிடந்துச்சு. அப்பவும் நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தேன், வடிவு. நீ வந்து "உட்காருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லு.